ஃப்ளைட் சிமுலேட்டருக்கு எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம், எப்படி செட் செய்வது?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், நான் கோத்தகிரி. அதனால் முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர்தான். உள்ளே கார்பன் தடத்தில் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தாலோ, அழுக்கோ ஈரமோ படிந்தாலோ அளவு தாவும். ஐப்பசி மழை முடிவதற்குள் என் முதல் ஜாய்ஸ்டிக், கையை எடுத்த பிறகும் விமானத்தை இடப்பக்கம் சாய்க்க ஆரம்பித்துவிட்டது. ஹால் எஃபெக்ட் சென்சார் காந்தத்தை வைத்து அளப்பது, உரசலே கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற ஜாய்ஸ்டிக்கில் முக்கிய இரண்டு அச்சுகளும் (முன்-பின், இட-வலம்) அந்த வகை. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே பாருங்கள். கைப்பிடியைத் திருகினால் ரட்டர் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) வேலை செய்யும், ஆரம்பத்தில் அதற்கென்று தனிக் கால் பெடல் வேண்டாம்.

மாட்டியதும் விண்டோஸில் காலிப்ரேஷன், அதாவது ஜாய்ஸ்டிக்கின் நடுவும் எல்லைகளும் எவை என்று கணினிக்குக் காட்டுவது. அப்புறம் டெட்சோன் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) 3 முதல் 5 சதவீதம் போதும். அதிகம் வைத்தால் சின்ன அசைவு விமானத்துக்குத் தெரியவே தெரியாது. சென்சிட்டிவிட்டி கோட்டை (கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்று காட்டும் கோடு) வளைத்து நடுப்பகுதியைக் கொஞ்சம் மந்தமாக்குங்கள்.

சோதிக்க, சிமுலேட்டரில் கோவையிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்து தொட்டபெட்டாவுக்கு ஏறுங்கள். சிகரம் 2,637 மீட்டர், சுமார் 8,650 அடி. மேலே காற்று மெலியும், மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை) குறைக்க வேண்டும்; அதற்கு ஒரு பட்டன் ஒதுக்குங்கள். மலையை நோக்கி நேராக ஏறாதீர்கள், செஸ்னாவுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. மேட்டுப்பாளையத்தின் மேல் வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு போங்கள்.