ஆராய்ச்சியில் ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை? கேட்டவர்களுக்குப் பதில்கள்

மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி ஒன்றில் பொதுமக்கள் சார்பில் உட்காருகிறேன். மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

திருப்பூர் மாணவி: நூற்பாலைத் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றி ஆய்வு. கேள்வித்தாள் அச்சடித்தாயிற்று. இப்போது தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் கைடு. என்ன செய்ய?

அச்சடிப்பதற்கு முன்னால் சேர்த்திருக்க வேண்டுமுங்க. நுரையீரல் சோதனைக்கு ஊதிக் காட்டுகிறவர், கேள்விக்குப் பதில் சொல்கிறவர் பங்கேற்பாளர். எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று கூட உட்கார்ந்து முடிவு செய்கிறவர் வேறு. உங்கள் கைடு சொல்வது இரண்டாமவரை.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸில், ஆரம்பத்தில் நெஞ்சு இறுக்கம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் தெரியும். உங்கள் தாளில் 'திங்கட்கிழமை' என்று இருந்தால், செவ்வாய் லீவுக்காரர் 'இல்லை' என்றுதான் சொல்வார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் யாருக்கும் இருமலே இருக்காது. அதைவிட முக்கியம், இழுப்பு முற்றியவர் எப்போதோ நின்றிருப்பார். மில் கொடுக்கும் பட்டியலில் அவர் பெயர் இராது. அவர் வீடு எங்கே என்று, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் கூட வேலை பார்த்தவருக்குத் தெரியும். மில்லில் திடமாக இருப்பவர்களை மட்டும் அளந்துவிட்டு 'பாதிப்பு குறைவு' என்று எழுதிவிடாதீர்கள்.

அச்சடித்ததை வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு பேரை, வேலையை விட்டவர்களையும் மில் ஹாஸ்டல் பெண்களையும் சேர்த்து, ஷிப்ட் இல்லாத நேரத்தில் உட்கார வையுங்கள். மாற்றியதைக் கமிட்டிக்கு அனுப்பி அனுமதி வாங்கியபின் பயன்படுத்துங்கள்.

நாமக்கல்: ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள்?

ரத்தத்துக்கு விலை இல்லை. பஸ் செலவு, இழந்த கூலி, சிரமத்துக்கு ஒரு தொகை தரலாம். அதைக் கமிட்டி பார்த்து ஒப்ப வேண்டும். கையெழுத்திட்ட ஒப்புதல் தாளில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபி: ஆய்வுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் சரி சொல்லிவிட்டார். ஆளாளுக்குக் கையெழுத்து எதற்கு?

தலைவர் சொன்னது ஊருக்குள் வர அனுமதி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி அது தனி ஆளின் ஒப்புதலுக்கு ஈடாகாது. படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வைச் சேராத ஒரு சாட்சி இருக்க வேண்டும். ஒப்புதல் தாள் நகல் படிக்கத் தெரியாதவருக்கும்தான்.

பவானி நெசவாளர்: என்னை ஒரு ஆய்வின் ஆலோசனைக் குழுவில் போட்டார்கள். போனால் டீயும் வடையும். தறி நின்ற நாளுக்குக் கூலி யார் தருவது?

கோவைப் பேராசிரியர்: குறுக்கிடுகிறேன். காசு கொடுத்தால் கொடுப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள்.

பேராசிரியர் ஐயா, அந்தக் கூட்டத்துக்கு வரும் நாளில் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் உண்டுங்களா? உங்கள் பயம் முழுக்கத் தப்பில்லை. தொகையை முன்பே முடிவு செய்து, எதிர்த்துப் பேசினாலும் அதே தொகை என்று எழுதிவையுங்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு வரி போடுங்கள். பிறகு தேடினால் காசு இராது. கூலி இல்லையென்றால் பென்ஷன்காரர்தான் வருவார், தறிக்காரர் வரமாட்டார்.

பவானி: கூலியைக்கூட விடுங்க. நாங்க சொன்னது என்னாச்சுன்னு ஒருத்தரும் சொல்லலை.

பேராசிரியர்: மினிட்ஸில் இருக்குமே.

இங்கிலீஷில் இருக்கும். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அடுத்த கூட்டத்தில் படியுங்கள். ஏற்காததற்குக் காரணம் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கும்.

கரூர்: ரத்தம் கொடுத்தால் பணம் உண்டா?

மேலே நாமக்கல்.

பல்லடம்: காசு எவ்வளவு?

நாமக்கல்.

தாராபுரம்: சர்க்கரைக்கு எந்த மாத்திரை நல்லது?

டாக்டரைக் கேளுங்க.

ஈரோடு: புது மருந்துச் சோதனைக்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். நிஜமா என்று எப்படித் தெரியும்?

சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். மருந்துச் சோதனைகளை அந்தப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம்; இணையத்தில் யாரும் பார்க்கலாம். புது மருந்து, மருத்துவச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி, சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை தர வேண்டும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள். சேர்ந்தால், நகல்.

அவிநாசி: நகல் கேட்டால் 'ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்' என்கிறார்கள்.

அப்போ மிஷின் சரியான பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.