பாப்டிஸ்ட் சபையில அட்வென்ட் ஏன் இல்ல? வீட்ல நாமளே மெழுகுவர்த்தி ஏத்தலாமா?

கேள்வி: நாங்க நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. இப்ப டெக்சாஸ்ல வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற சதர்ன் பாப்டிஸ்ட் சபைக்குப் போறோம். டிசம்பர் வந்தும் ஊதா துணி இல்ல, அட்வென்ட் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறு ஆயத்த காலம்) வாசிப்பும் இல்ல. ஆனா ரெண்டு தெரு தள்ளி இன்னொரு பாப்டிஸ்ட் சபையில வளையம் வச்சு மெழுகுவர்த்தி ஏத்துறாங்க. எது சரி? வீட்ல பிள்ளைங்களோட ஏத்தினா தப்பா?

பதில்: தாராளமா ஏத்துங்க சிஸ்டர். அந்த ரெண்டு சபையும் பாப்டிஸ்ட் முறைப்படிதான் நடக்குது. நம்ம சி.எஸ்.ஐ.ல எந்த ஞாயிறு என்ன தலைப்புன்னு மேல இருந்து அட்டவணை வரும், பாப்டிஸ்ட்ல பிஷப்பே கிடையாது, ஒவ்வொரு சபையும் தானே முடிவு பண்ணிக்கும். சதர்ன் பாப்டிஸ்ட்காரங்களோட 2000ம் வருஷ விசுவாச அறிக்கையில கர்த்தருடைய நாளைப் பத்தி தனியா ஒரு பகுதி இருக்கு, அட்வென்ட் பத்தி ஒரு வரி கூட இல்ல.

இது பழைய கதை. 1600கள்ல இங்கிலாந்துல ராஜாவோட சபை சொல்ற பண்டிகைய எல்லாரும் அனுசரிக்கணும்னு இருந்தப்ப, வேதத்துல கட்டளையா இல்லாதத ஆராதனைக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு நின்னவங்க வழிதான் பாப்டிஸ்ட். 1871 டிசம்பர் 24 அன்னைக்கு பேர் பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜன் லண்டன்ல, நாள் பார்க்கறதுல எங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல லூக்கா 2ல இருந்து இயேசு பிறப்பைப் பத்தி பிரசங்கம் பண்ணினார்.

அப்போ டிசம்பர்ல அவங்க என்னதான் பண்றாங்க? சர்ச்ல "லாட்டி மூன்" அப்படின்னு பேர் போட்ட காணிக்கை கவர் ஒண்ணு குடுத்திருப்பாங்களே, அதை சும்மா நினைக்காதீங்க. சீனாவுல மிஷனரியா இருந்த அந்தம்மா, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரத்தை ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்குங்கன்னு கடிதம் எழுதினாங்க, 1888ல பெண்கள் சேர்ந்து 3,300 டாலருக்கு கொஞ்சம் மேல திரட்டினாங்க, அது மூணு மிஷனரிகளை அனுப்பப் போதுமா இருந்துச்சு. 1912 டிசம்பர் 24, ஊருக்குத் திரும்புற வழியில ஜப்பான் கோபே துறைமுகத்துல கப்பல்லயே இறந்துட்டாங்க. சதர்ன் பாப்டிஸ்ட் குடும்பங்களுக்கு கிறிஸ்மஸுக்கு ஆயத்தம்னா ரொம்ப காலமா இதுதான், எனக்கு இது மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா இயேசு வருவார்னு முன்னாடியே சொன்ன ஏசாயாவையும் மீகாவையும் தொடாம நேரா தொழுவத்துக்குப் போயிடறது மட்டும் எனக்கு வருத்தம்தான், அதை நீங்க வீட்ல ஈடு பண்ணிக்கலாம்.

வளையம் கத்தோலிக்க வழக்கம்னு யாராவது சொன்னா கவலைப்படாதீங்க, 1839ல ஹாம்பர்க்ல ஏழைப் பிள்ளைங்க இல்லம் நடத்தின லூத்தரன்காரர் விகெர்ன், கிறிஸ்மஸ் எப்ப எப்பன்னு கேட்ட பசங்களுக்காக வண்டிச் சக்கரத்துல மெழுகுவர்த்தி வச்சு ஆரம்பிச்சது அது. வார நாளுக்குச் சின்னது, ஞாயிறுக்குப் பெருசு. இது கட்டளையா வந்தது இல்ல, பிள்ளைங்களுக்காக வந்தது, அதனால ஊதா மெழுகுவர்த்தி கிடைக்கலன்னா எந்த கலரும் ஓகே. ஞாயிறு சாப்பாடு முடிஞ்சதும் பிள்ளை ஏத்தட்டும், ஏசாயா 9, மீகா 5, லூக்கா 1, லூக்கா 2ன்னு வாரத்துக்கு ஒண்ணு அவங்களே வாசிக்கட்டும்.

சபையிலயும் வேணும்னா பாஸ்டர்கிட்ட "ஏன் அட்வென்ட் இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, குற்றம் சொல்ற மாதிரி கேக்கும். நாலு ஞாயிறு, வாரம் ஒரு குடும்பம் முன்னாடி வந்து வசனம் வாசிச்சு ஜெபம் பண்ணலாமான்னு கேளுங்க, நிறைய பாப்டிஸ்ட் சபைகள்ல இப்ப அப்படித்தான் நடக்குது. ஆனா அக்டோபர்லயே கேட்டுடுங்க, 2026ல முதல் ஞாயிறு நவம்பர் 29லயே வந்துடுது.