பழைய பீட்டில் காரில் கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைப்பது என்றால் என்ன?

காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். அதை எடுத்துவிட்டு, சென்சார்களை வைத்து ஒரு சிறு கணினி கணக்கிட, இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும்படி செய்வதுதான் இந்த மாற்றம்.

எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர், வெயில், மலைப்பாதை எதுவும் கார்புரேட்டருக்குச் சரியாகத் தெரியாது; சென்சார்கள் அதைக் கவனித்துக் கணினிக்குச் சொல்லும். கண்ணளவில் உப்புப் போடுவதற்கும் ருசி பார்த்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த எஞ்சினில் வெப்பத்தை அளக்கக் குளிர்விக்கும் தண்ணீர் கிடையாது, அதனால் வெப்ப சென்சார் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரை மூடும் பாகத்தில்) உட்காரும். அப்புறம், பெட்ரோல் குழாய்களைக் கட்டாயம் மாற்றுங்கள். பெட்ரோலின் அழுத்தம் சுமார் 3 பார் வரை (காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு) இருக்கும், பழைய குழாய்கள் அதற்கானவை அல்ல. சூடான எஞ்சின்மேல் கசிந்தால் தீப்பிடிக்கலாம்.

இன்ஜெக்‌ஷன் வைத்தால் பீட்டிலின் அசல் தன்மை போய்விடும் என்பது சரியல்ல. 1975-இல் அமெரிக்காவில் விற்ற பீட்டில்களுக்குத் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தினார்கள்.