கர்ப்பிணியை எப்படி எழுதுவது? மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

தோட்டத்துக் குடும்பங்களுக்கான உடல்நலக் கையேடுகளை எழுதித் திருத்துவது என் வேலை. இம்முறை வந்த கேள்விகளில் பல, கர்ப்பத்தையும் உடல்நலத்தையும் பற்றி எழுதும்போது ஆண், பெண் என்று எங்கே குறிப்பிட வேண்டும் என்பதைப் பற்றியவை.

மலாய்க் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறோம். அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் பொதுவான 'டியா' வரும் இடங்களில் டாக்டருக்கு 'அவர்' என்றும், மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) கர்ப்பிணிக்கும் 'அவள்' என்றும் எழுதியிருக்கிறோம். சரியா?

எல்லோருக்கும் 'அவர்' போடுங்கள். மலாய் மூலத்தில் மூவருக்கும் ஒரே சொல்தான். மரியாதையைக் குறைத்தது நம் கை. 'அவள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும்' என்பது மாமியார் அதட்டுவதுபோல இருக்கிறது. டாக்டரம்மாக்களும் ஆண் தாதியரும் வேலை செய்யும் கிளினிக்கில் 'அவர்' யாருக்கும் பொருந்தும்.

மகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். 'கர்ப்பிணிப் பெண்கள்' என்று எழுதக்கூடாதாம், 'கர்ப்பமாக இருப்பவர்கள்' என்றுதான் எழுத வேண்டுமாம். 'பெண்' என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டுமா அம்மா?

எடுக்க வேண்டாம். மகளின் அக்கறையையும் தள்ளிவிடாதீர்கள்.

2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரைட்டன் அரசு மருத்துவமனை நிர்வாகம், மகப்பேறு பற்றிய எழுத்துகளில் 'பெண்கள்' என்பதோடு 'பிள்ளை பெறும் மற்றவர்கள்' என்ற பொருளிலும் ஒரு தொடரைச் சேர்த்தது. 'பெண்' அங்கேயே இருந்தது. செய்தி பரவியபோது, ஏதோ பெண்களையே நீக்கிவிட்டதுபோல் பலர் கொதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லேன்செட் மருத்துவ இதழின் அட்டையில் பெண்களைக் குறிக்க 'யோனியுள்ள உடல்கள்' என்று அச்சாகி, கண்டனம் எழுந்து, ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். முன்னதில் இன்னும் சிலருக்கு இடம் கிடைத்தது. பின்னதில் ஒரு மனுஷி வெறும் உறுப்பாகிவிட்டாள். எனக்கு முன்னது ஏற்பு, பின்னது அறவே ஏற்பில்லை.

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் கருப்பை இருக்கலாம். கருப்பைவாய்ப் பரிசோதனை அவர்களுக்கும் தேவை. அழைப்பில் அவர்களுக்கு இடமில்லை என்றால் வரவே மாட்டார்கள். ஆனால் 'கருப்பைவாய் உள்ளவர்கள் வரவும்' என்று மட்டும் எழுதினால், தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் அக்காவுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. அந்த உறுப்பின் பெயரை அவர் காதில் போட்டவர் யார்? 'பெண்களும், கருப்பை உள்ள மற்ற எல்லோரும்' என்று எழுதுங்கள். நேரில் வந்தவரை, அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே அழையுங்கள்.

செம்பனைக்கு மருந்து அடிப்பவர்களுக்கான எச்சரிக்கைப் பலகையில் 'தொழிலாளர்கள்' என்று பொதுவாகப் போட்டால் போதாதா?

போதவே போதாது. நம் தோட்டங்களில் முதுகில் மருந்துத் தோம்பைச் (கலனை) சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் உரிமைக்காக உழைக்கும் தெனாகானித்தா அமைப்பு அந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை வந்தது. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 'கர்ப்பமான பெண்களும் பால் கொடுக்கும் பெண்களும் மருந்து அடிக்கக் கூடாது, கலக்கவும் கூடாது' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அப்போதுதான் அவர்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) உறைக்கும். மருந்து பட்ட உடையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள் என்ற வரி மட்டும் ஆண், பெண் இருவருக்கும் சேர்த்து இருக்கட்டும். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியிலும் பலகை வேண்டும்.

என் தங்கையை 'மலடி' என்கிறார்கள். வேறு என்ன சொல்வது?

'குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி.' குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதி தம்பதிகளிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது. தங்கையின் கணவரும் முதல் நாளிலேயே கூடப் போகட்டும்.

எந்தக் கையேட்டை எடுத்தாலும் 'தாய்மார்களே' என்றுதான் ஆரம்பிக்கிறது. அப்பாக்களுக்கு ஒன்றுமே இல்லையா?

சுமப்பதும் பெறுவதும் பால் கொடுப்பதும் வரும் பக்கங்களில் 'தாய்மார்களே' இருக்க வேண்டும். தடுப்பூசித் தேதி, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, இரவில் கண்விழிப்பது என்று வந்தால் 'பெற்றோரே' என்று எழுதுங்கள். நான் திருத்தும் கையேடுகளில் அப்படித்தான் மாற்றுகிறேன். உங்களுக்கு ஒரு தகவல்: தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பு, மணமான தந்தைக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு. தந்தை தன் விடுப்புக்கு ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். மனைவிக்கு எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.