மோட்டாரை நிறுத்தியது ஏன்?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீர்த் தகராறில் 2023-ல் பங்காளி அண்ணன் இறந்துபோனார். என் தம்பி மேல் கொலை வழக்கு. வரப்பில் அண்ணன்தான் கொடுவாளை ஓங்கினார். தம்பி சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) ஓடிவந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு திரும்பிப் போனபோது இப்படி ஆகிவிட்டது. நான் சாளையில் பால் கறந்துகொண்டிருந்தேன். அவன் கல்யாணத்தில் அக்காளாக இணைச்சீர் செய்தவள் நான். தற்காப்புக்காக அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொல்லட்டுமா? தோட்டத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன்.

பதில்: அம்மிணி, ‘மோட்டாரை நிறுத்திவிட்டு’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வழக்கே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

உயிருக்குப் பயந்து ஓடிவந்தவன் கதவைச் சாத்துவான், உங்களைக் கத்திக் கூப்பிடுவான், போலீசுக்கு போன் போடுவான். உங்கள் தம்பி சுவிட்சை அணைத்தான், மண்வெட்டியை எடுத்தான், வந்த வழியே போனான். அண்ணன் துரத்தி வந்தாரா? வந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள்.

2023 சம்பவம் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதில் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிர் போய்விடும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளியைக் கொல்லும் அளவுக்குக்கூட 100-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் 102-வது பிரிவின்படி பயம் இருக்கும்வரைதான் அந்த உரிமை. ஆபத்து வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஓடித் தப்பித்தவன் ஆயுதத்தோடு திரும்பிப் போனான் என்றால், ஏன் போனான் என்று நீதிபதி கேட்பார். போன இடத்தில் அண்ணன் மறுபடி கொடுவாளோடு பாய்ந்தாரா? தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். நீங்கள் பால் கறந்துகொண்டிருந்தீர்கள்.

பார்க்காததைப் பார்த்தேன் என்பீர்களா? இனி சொல்லும் பொய்ச்சாட்சிக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அதைவிட எனக்குக் கோபம் வருவது இணைச்சீரை இதற்குள் இழுத்ததில். கூடப் பிறந்தவள் துணை நிற்பாள் என்பதற்குத்தான் அந்தச் சீர். பொய்க்கு அதைக் காட்டாதீர்கள். செத்தவரும் உங்களுக்கு அண்ணன்தான், ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தவர்.

மோட்டார் விஷயத்தை ஒன்று விடாமல் வக்கீலிடம் சொல்லுங்கள். தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். முன்திட்டமில்லாமல், நல்லெண்ணத்தோடு, தற்காப்பில் எல்லை மீறிவிட்டான் என்று ஆனால் கொலைக்கான 302 போய், கொலையாகாத மரணத்துக்கான 304 ஆகவும் வழியுண்டு. அதற்கெல்லாம் உண்மைதான் வேண்டும். குறுக்கு விசாரணையில் உங்கள் பொய் உடைந்தால் தம்பி சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அவருடைய முறை நாளில் இப்போது மோட்டாரை யார் போடுகிறார்கள்? அந்தத் தண்ணீரும் உங்கள் தோட்டத்துக்கே பாய்கிறது என்றால், நாளைக் காலையே அண்ணி வீட்டுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். வழக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டு வரட்டும்.