தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிகான்ஸ் மொழியில் கம்பத்தைப் ‘பால்’ என்கிறார்களே, அது நம்முடைய பால்தானா?

இல்லை. இந்த நாட்டின் டர்பன் நகரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் நான். நீங்களும் ஏதோ கோயில் மேடையில் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

எங்கள் காவடித் திருவிழாவுக்கு வந்த பேச்சாளர் ஒருவர், கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டுப் பால் ஊற்றுகிறோம் அல்லவா, அந்தப் பாலே இந்நாட்டில் கம்பத்துக்குப் பெயராகிவிட்டது என்றார். ஒரே கைதட்டல். பால்குடம் எடுத்துவிட்டு, தோளில் பால் சிந்திய மஞ்சள் புடவையோடு முன்வரிசையில் இருந்த என் மாணவி அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் ஆப்பிரிகான்ஸ் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அகராதியைத் திறந்து காட்டினாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. அதன் பிறகு அவள் தமிழ் வகுப்புப் பக்கமே வரவில்லை.

ஆப்பிரிகான்ஸ் டச்சிலிருந்து பிறந்த மொழி; அந்தப் ‘பால்’ டச்சுச் சொல். மூலம் லத்தீனில் கழியைக் குறிக்கும் ‘பாலுஸ்’. ஆங்கிலத்தின் ‘போல்’ அதற்கு உடன்பிறப்பு. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் இந்நாட்டில் வந்திறங்கியது 1860இல். அதற்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகள் இந்நாட்டின் தென்கோடியில் உள்ள கேப் பகுதிக்கு வந்தார்களே என்று ஒருவர் கிளம்புவார். வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் டச்சுக்காரர்கள் 1652இல் கேப்பில் குடியேறும் முன்பே, 1648இல், ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்காகச் சதுப்பு நிலத்தில் மரக் கம்பங்களை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் 13,659 ‘பால்’கள். எதற்கும் யாரும் பால் ஊற்றவில்லை.

உறவு வேண்டுமென்றால் தெலுங்குக்காரர் வீட்டில் கேளுங்கள்: பாலு. கன்னடத்தில் ஹாலு. புலி அங்கே ஹுலி, பூ அங்கே ஹூ. இப்படி ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். ஓசை ஒத்துப்போவது மட்டும் போதாது. கொரிய மொழியில் ‘பால்’ என்றால் கை, எட்டு என்ற எண்ணுக்கும் அதே ஒலி. நண்பனைக் குறிக்கும் ‘பால்’ (pal) என்ற ஆங்கிலச் சொல்லோ ரோமானி மக்களின் மொழியில் சகோதரனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அவ்வளவு ஏன், அறத்துப்பாலில் வரும் பாலுக்கும் பசும்பாலுக்குமே சம்பந்தமில்லை. அது பகுத்தல் வழியாக வந்தது.

தமிழின் பெருமையைக் குறைக்கிறேன் என்று எழுத வருகிறவர்கள் பொறுத்திருங்கள். ஆப்பிரிகான்ஸின் ‘கெரி’ நம் கறியிலிருந்து போனது, கட்டுமரம் உலகமெங்கும் போனது. இவற்றை அகராதியே ஒப்புக்கொள்கிறது. உண்மையாகவே நம்முடையது இத்தனை இருக்கும்போது, எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் தலைகுனிய நேரும் கதை எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சாளருக்கு விமான டிக்கெட், பொன்னாடை, மாலை எல்லாம் நடந்தது. எங்கள் வகுப்புக்கு ஒரு கரும்பலகை கேட்டு நான் கொடுத்த கடிதத்துக்கு நிர்வாகக் குழு இன்றுவரை பதில் தரவில்லை. வகுப்பு நடக்கும் அறையில் பாதி இடத்தைக் கல்யாண நாற்காலிகள் அடைத்திருக்கின்றன. குழுவிலிருந்து யாராவது இதைப் படித்தால், அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த நாற்காலிகளையாவது எடுத்துவிடுங்கள்.