ஜமைக்காக் குடும்பமும் கர்னல் கேம்பெலும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

குடும்ப வரலாறுகளைத் தேடுவது பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் கணவரின் தாத்தா 1896-இல் பிறந்து, 1919-இல் நியூயார்க்குக்கு வந்து ஹார்லெமில் குடியேறிய ஜமைக்காக்காரர். குடும்பப் பெயர் கேம்பெல். என் மகளுக்காக இந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்க முயன்றபோது, உறவினர் ஒருவர் இணையத்தில் தயாரித்து வைத்திருந்த ஒன்றை அனுப்பினார். ஸ்காட்லாந்திலிருந்து ஜமைக்காவுக்கு வந்த கர்னல் ஜான் கேம்பெல் என்பவரிடம் போய் அது நிற்கிறது. கர்னலுக்கும் தாத்தாவுக்கும் நடுவே மூன்று பெயர்கள் உள்ளன. இதை நம்பலாமா?

இன்னும் இரண்டு குழப்பங்கள். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பிறந்த இடம் ஜமைக்கா என்றும், 1930-இல் பனாமா என்றும் இருக்கிறது. தாத்தாவின் தாய் ஓர் இந்தியப் பெண் என்று புரூக்ளினில் இருக்கும் என் கணவரின் அத்தை சொல்கிறார். நான் தமிழ்ப் பெண் என்பதால், அந்தப் பாட்டி மதராஸிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

மீனா

அன்புள்ள மீனா,

கர்னலை எடுத்துவிடுங்கள். அப்படி ஒருவர் இருந்தது உண்மைதான். பனாமா நிலஇடுக்கில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அமைக்க முயன்ற டேரியன் குடியேற்றம் 1700-இல் சிதைந்தபின், உயிர் தப்பி ஜமைக்காவுக்கு வந்து, தீவின் தென்மேற்கில் பிளாக் ரிவர் பகுதியில் நிலம் சேர்த்து, 1740-இல் இறந்தவர் ஜான் கேம்பெல். உங்கள் உறவினர் அனுப்பிய வம்சாவளியை அவருடைய இறப்பு ஆண்டை வைத்தே சோதித்துவிடலாம். கர்னலின் மகன், மிகவும் பிந்திப் பிறந்தவராக இருந்தாலும், 1740-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது 1896. இந்த 156 ஆண்டுகளை மூன்று தலைமுறை இடைவெளிகளில் அடக்க வேண்டுமானால், ஒவ்வொரு தந்தையும் சராசரியாக 52 வயதில்தான் அடுத்த வாரிசைப் பெற்றிருக்க வேண்டும். ஒருவர் அப்படிப் பெற்றிருந்தால் ஏற்கலாம். மூவரும் வரிசையாக அப்படிப் பெற்றார்கள் என்பதற்கு ஆவணம் வேண்டும், அது உங்கள் கடிதத்தில் இல்லை.

உறவினர் செய்திருப்பது பலரும் செய்வதுதான். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடி, அந்தப் பெயரில் அச்சேறியிருக்கும் முதல் பெரிய மனிதரிடம் போய் நின்றுவிடுவது. ஜமைக்காவில் இந்த வழி ஏறத்தாழ எப்போதும் தவறான வீட்டுக்கே கொண்டுபோய் விடும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு முதலாளிகளின் ஏடுகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். பின்னர், குறிப்பாக அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஞானஸ்நானம் பெறும்போது அவர்கள் முழுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் தோட்ட உரிமையாளருடையதாக இருக்கலாம். மேற்பார்வையாளருடையதாகவோ, கணக்குப்பிள்ளையுடையதாகவோ, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியுடையதாகவோ, ஞானத்தந்தையுடையதாகவோ இருக்கலாம். உண்மையான தகப்பனுடையதாகவும் இருக்கலாம். ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கேம்பெல்கள் தீவின் எல்லாப் பகுதியிலும் இருந்தார்கள். இன்றும் ஜமைக்காவில் மிகப் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களில் அது ஒன்று.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்: ஜமைக்காக் குடும்பத்தில் தேட வேண்டியது தாயின் பெயரையும் ஊரின் பெயரையும். இது என் பெண்ணியச் சாய்வினால் சொல்லும் யோசனை என்று எண்ண வேண்டாம். அங்குள்ள ஆவணங்கள் எழுதப்பட்ட முறையே அப்படிப்பட்டது. 1817 முதல் 1832 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜமைக்காவின் ஒவ்வோர் உரிமையாளரும் தன்னிடமிருந்த அடிமைகளின் கணக்கை அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தப் பதிவேடுகளில் பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவிலேயே பிறந்தவரா என்ற விவரம் ஆகியவற்றுக்குப் பிறகு குறிப்புகளுக்கென்று ஒரு பத்தி வரும். பல பக்கங்களில் அந்தப் பத்தியில் எழுதப்பட்டிருப்பது தாயின் பெயர். சட்டப்படி தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பதால், உரிமையாளருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தந்தையை எழுத வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

இதற்குத் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த குடும்பத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாய்வழி துளசேந்திரபுரம் வரை நம் செய்தித்தாள்களுக்கு மனப்பாடம். தந்தை டொனால்ட் ஹாரிஸ், ஜமைக்காவின் செயின்ட் ஆன் பாரிஷில் (பாரிஷ் என்பது அங்கே நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிரௌன்ஸ் டவுனைச் சேர்ந்தவர். அவர் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், தன் தந்தைவழிப் பாட்டி மிஸ் கிறிஷி, அந்த ஊரை நிறுவிய தோட்ட முதலாளியும் அடிமை உரிமையாளருமான ஹாமில்டன் பிரௌனின் வழிவந்தவர் என்று குறிப்பிட்டார். தேர்தல் காலத்தில் அந்த ஒரு வாக்கியம் உலகம் சுற்றியது. அது குடும்பத்தில் வழங்கிவந்த நினைவு; பிரௌனுக்கும் மிஸ் கிறிஷிக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு படிக்கும் ஆவணம் காட்டி யாரும் நிறுவியதில்லை. அதே கட்டுரையில் தன் தாய்வழிப் பாட்டி மிஸ் ஐரிஸின் முன்னோர் யாரென்று தனக்குத் தெரியாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வாதத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட மிஸ் ஐரிஸைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. ஹாமில்டன் பிரௌனைப் பற்றிய தாள்கள் கிடைக்கின்றன, ஆகவே அவரே எல்லோருக்கும் முன்னோராகிவிடுகிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஜமைக்காவுக்குப் போவதற்கு முன் அமெரிக்கத் தாள்களை முழுவதுமாக வற்றச் செய்துவிடுங்கள். 1919-ஆம் ஆண்டுக் கப்பல் பயணிகள் பட்டியல் உங்களுக்குப் பெரும் உதவி. 1907-க்குப் பிந்திய பட்டியல்களில் பிறந்த ஊர், கடைசியாக வசித்த நாடு, புறப்பட்ட நாட்டில் விட்டுவந்த மிக நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், அமெரிக்காவில் யாரிடம் போய்ச் சேர்கிறார் என்பது வரை கேட்டு எழுதினார்கள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தாயின் பெயர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கங்களாக விரியும் பட்டியல் அது; முதல் பக்கத்தை மட்டும் இறக்கிக்கொண்டு திருப்தியடைந்துவிடாதீர்கள். குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். பட்டியல் எழுதப்பட்டது கப்பல் நிறுவனத்தாரால், ஏறிய துறைமுகத்தில். எல்லிஸ் தீவு அதிகாரிகள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பனாமாக் குழப்பத்துக்கும் விடை அநேகமாக அங்கேதான் கிடைக்கும். 1904 முதல் 1914 வரை அமெரிக்கா பனாமா கால்வாயை வெட்டியபோது ஜமைக்காவிலிருந்து ஏராளமானோர் சொந்தச் செலவில் பனாமாவின் கோலோன் துறைமுகத்துக்குக் கப்பலேறினார்கள். வேலை முடிந்தபின் எல்லோரும் ஊர் திரும்பவில்லை. கோஸ்டாரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்கும் கியூபாவின் கரும்பு வயல்களுக்கும் நியூயார்க்குக்கும் பிரிந்து போனார்கள். தாத்தா ஜமைக்காவில் பிறந்து, சிறுவனாகவோ இளைஞனாகவோ பனாமா சென்று, அங்கிருந்து நியூயார்க் வந்திருந்தால், 1930-இல் கணக்கெடுப்பாளரிடம் பேசிய மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோ ‘பனாமாவிலிருந்து வந்தவர்’ என்று சொன்னது பிறந்த இடமாக ஏறியிருக்கும். யார் தகவல் தந்தார்கள் என்ற அடையாளம் 1940 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக இடப்பட்டது, அதையும் பாருங்கள். பனாமாவில் வேலை செய்திருந்தால், ‘வெள்ளிப் பட்டியல்’ என்ற பிரிவில் சம்பளம் பெற்ற மேற்கிந்தியத் தொழிலாளர்களின் தாள்கள் அமெரிக்க அரசின் காப்பகங்களில் இருக்கின்றன.

அவராகவே வாய்திறந்து சொன்ன விவரங்கள் உள்ள தாள்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுங்கள். 1896-இல் பிறந்தவர் என்றால், 1942-இல் நடுத்தர வயது ஆண்களுக்காக அமெரிக்காவில் நடந்த போர்க்கால ராணுவப் பதிவில் அவர் வந்திருக்க வேண்டும். அந்த அட்டையில் பிறந்த ஊர் இருக்கும். குடியுரிமை பெற்றிருந்தால் விண்ணப்பத்தில் கப்பலின் பெயரும் நாளும் இருக்கும். எல்லாவற்றையும்விட அருமையானது, 1936 முதல் சமூகப் பாதுகாப்பு (Social Security) எண்ணுக்காகத் தொழிலாளர்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம். தந்தையின் முழுப்பெயரையும், திருமணத்துக்கு முந்திய பெயரோடு தாயின் முழுப்பெயரையும் அதில் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் செலுத்தினால் நகல் தருவார்கள். நீங்கள் முதலில் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் இதற்குத்தான்.

தாயின் பெயரும் பாரிஷின் பெயரும் கையில் வந்தபின்பே ஜமைக்காப் பதிவுகளைத் திறக்க வேண்டும். கேம்பெல் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எத்தனை நூறு பேர் வந்து விழுவார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே பிறப்பு, இறப்புப் பதிவு 1878-இல் தொடங்கியது, ஆகவே 1896-ஆம் ஆண்டுப் பிறப்பு பதிவாகியிருக்க வேண்டும். ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் பதிவேடுகளின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஸ்பானிஷ் டவுனில் உள்ள தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அந்தக் காலத்தில் ஜமைக்காவில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் திருமணப் பதிவு இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அத்தகைய பதிவில் தந்தையின் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். குழந்தை தாயின் குடும்பப் பெயரின் கீழ் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கும். கேம்பெல் என்ற பெயரைத் தாத்தா வளர்ந்தபின் எடுத்துக்கொண்டிருக்கலாம். சில பதிவுகளில் குழந்தையின் பெயரே எழுதப்பட்டிருக்காது. தகவல் தந்தவரின் பெயரையும் உறவையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் தந்தவர் குழந்தையின் சொந்தப் பாட்டியாக இருந்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டீர்கள்.

பாரிஷ் எல்லைகள் மாறியிருப்பது இன்னொரு சிக்கல். 1860-களில் 22 பாரிஷ்கள் 14 ஆகக் குறைக்கப்பட்டன. வேர், மெட்காஃப் போன்றவை இன்றைய வரைபடத்தில் இல்லை. மான்செஸ்டர் பாரிஷ் 1814-இல்தான் கிளாரண்டன், வேர், செயின்ட் எலிசபெத் ஆகியவற்றின் பகுதிகளை வெட்டி உருவாக்கப்பட்டது. 1878-க்கு முற்பட்ட காலத்துக்கு ஆங்கிலிக்கன் கோயில் பதிவேடுகள் 1660-கள் வரை உண்டு. ஆனால் விடுதலை பெற்றவர்களில் பெரும்பகுதியினர் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், மொரேவியன் சபைகளில் இருந்தார்கள். பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால் அங்கே பிறந்த நாளைத் தேடிப் பயனில்லை.

அத்தையிடம் கேட்க வேண்டியவை இவை: குடும்பத்துக்குப் பொதுவாகப் பிரிக்காமல் வைத்திருந்த நிலம் எந்த ஊரில், அதில் யார் யாரைப் புதைத்தார்கள், தாத்தாவை வீட்டில் என்ன செல்லப்பெயரால் அழைத்தார்கள். ஜமைக்காவில் செல்லப்பெயர் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். கிளீனர் நாளிதழின் இரங்கல் அறிவிப்புகளில் அதையும் சேர்த்தே போடுவார்கள்.

அடிமைகள் முழு விடுதலை பெற்ற 1838-ஐத் தாண்டி மேலே போவது எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஊர் தெரிந்தால் அருகிலுள்ள தோட்டங்கள் தெரியும். தோட்டம் தெரிந்தால், விடுதலையின்போது பிரிட்டிஷ் அரசு உரிமையாளர்களுக்குக் கொடுத்த 2 கோடி பவுண்டு இழப்பீட்டின் விவரங்களை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தொகுத்திருக்கும் தரவுத்தளத்தில் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் உரிமையாளர்களின் பெயர்களும் அடிமைகளின் எண்ணிக்கையும் தொகையும்தான் இருக்கும். அந்த உரிமையாளரின் பெயரை வைத்து 1817-ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்தால்தான் மனிதர்களின் பெயர்கள் வரும். உரிமையாளர் கேம்பெல் அல்லாதவராக இருந்தால் திகைக்க வேண்டாம்.

கடைசியாக, இந்தியப் பாட்டி. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. ஆனால் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள், இன்றைய உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்தவர்கள். 1896-இல் பிள்ளை பெற்ற ஒரு பெண் 1870-களை ஒட்டிப் பிறந்திருப்பார் என்று கொண்டால், கல்கத்தாவுக்கே வாய்ப்பு அதிகம். முதலில் அவர் இந்தியர்தானா என்பதை உறுதிசெய்யுங்கள். அத்தைக்கு அவர் தந்தையின் தாய். ஆகவே அத்தை ஒரு சாதாரண மரபணுப் பரிசோதனைக்கு உடன்பட்டால் தெற்காசியப் பங்கு கால்வாசியை ஒட்டி வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கதையை விட்டுவிடலாம். வந்தால், அது மதராஸா பீகாரா என்பதை அந்தப் பரிசோதனையின் சதவீதங்களை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பாட்டியோ அவருடைய பெற்றோரோ வந்த கப்பல் தெரிந்தால் குடியேற்றச் சீட்டைத் தேடலாம். பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் வரை அதில் எழுதியிருப்பார்கள். இந்தக் குடும்பத்தின் தேடலில் தந்தையின் பெயர் எழுத்தில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய மிகப் பழைய இடம் அதுவாகவே இருக்கக்கூடும். அது கைக்கு வரும்வரை மகளின் வம்சாவளியில் பாட்டியின் ஊருக்கு நேரே மதராஸ் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்